ஆய்வுக் கட்டுரை தேடப் போய் டிசைன் (ஆய்வு செய்த முறை) பிரிக்கப் பழகின கதை

எங்கட வீடு யாழ்ப்பாணத்தில உரும்பிராயில, பின்வளவுக் கிணத்துக்கு அங்கால முழுக்கத் தோட்டம். கீழ சுண்ணக்கல்லு, போடுற யூரியா மழையோட இறங்கித் தண்ணியில நைத்திரேற்றாச் சேரும், அதால கம்பஸில ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டவுடன கிணத்துத் தண்ணி நைத்திரேற்றும் கைக்குழந்தையளும் எண்டு சொல்லிட்டன். முதல் வேலை பழைய ஆய்வுகளைத் தேடுறது, அதிலயே மூண்டு கிழமை போச்சு.

பப்மெட் எண்ட மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில கேஸ் கொன்ட்ரோல் எண்டு போட்டுத் தேடினன், அது நோய் உள்ளவையையும் இல்லாதவையையும் முதலே தெரிஞ்செடுத்து, முந்தி என்ன நடந்தது எண்டு ஒப்பிடுற ஆய்வு. ரைட்டிலில அப்பிடித்தான் கிடக்கும், உள்ள வாசிச்சா ஒரே தரம் வீடு வீடாப் போய்த் தண்ணியும் எடுத்துப் பிள்ளையையும் பாத்துப்போட்டு பிறகு நோய் உள்ளவை இல்லாதவை எண்டு பிரிச்சிருக்கினம், அது குறொஸ் செக்ஷனல், ஒரே நேரத்தில எல்லாத்தையும் பாக்கிற குறுக்குவெட்டு ஆய்வு எல்லோ. ரெட்ரொஸ்பெக்டிவ் (பின்னோக்கிப் பாக்கிறது) எண்ட சொல்லு அதைவிட மோசம், ஒராள் கேஸ் கொன்ட்ரோலுக்குச் சொல்லுறார், இன்னொராள் பழைய பதிவுகளில இருந்து செய்த கோஹோர்ட்டுக்கு, அதாவது ஒரு கூட்டத்தைக் காலம் வைச்சுத் தொடர்ந்து ஆருக்கு நோய் வருது எண்டு பாக்கிற ஆய்வுக்குச் சொல்லுறார்.

அப்பதான் எங்கட சீனியர் அக்கா ஒராள் ஒன்ரொலொஜி ஒஃப் கிளினிக்கல் ரிசேர்ச் எண்ட, ஆய்வுச் சொல்லுகளையும் அதுகளின்ர தொடர்பையும் ஒழுங்காப் பிரிச்சு வைச்ச தொகுப்பைக் காட்டினா. மனிசரில செய்யிற ஆய்வுகளைக் கணினிக்கு விளங்கிற மாதிரி விவரிக்க அமெரிக்காவில செய்தது, ஸ்ரன்ஃபோர்ட்காரற்ற ப்ரொட்டெஜே மென்பொருளில திறந்து பாக்கலாம். முதல் நாள் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பிறகுதான் பிடிபட்டுது, ஆய்வுக்காரர் வைச்ச பேரை நம்பாமல் கேள்வி கேட்டுப் போகவேணும். ஆய்வாளர் தானே ஏதும் குடுத்தாரா, இல்லாட்டி நடக்கிறதைப் பாத்தவரா? ஆக்களை எடுத்தது நோயை வைச்சோ, குடிச்ச தண்ணியை வைச்சோ, ரெண்டும் இல்லாமலோ? பிறகு காலம் வைச்சுத் தொடர்ந்தவையா? இதுக்குப் பதில் வந்தா டிசைனின்ர பேர் தானா வந்து நிக்கும்.

நான் எக்செலில ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கொலம் போட்டு எல்லாக் கட்டுரையையும் திருப்பி வாசிச்சன். கை உளைஞ்சுது, ஆனா பிரயோசனம். கிணத்துத் தண்ணியால குழந்தை நீலம் பாரிக்கிறதைப் பற்றி ஐயோவாவில கொம்லி 1945இல எழுதினதை எல்லாரும் காட்டுவினம், அது கேஸ் ரிப்போர்ட், தனி நோயாளியளை விவரிக்கிறது மட்டும்தான், ஒப்பிட ஆக்களே இல்லை. அதைப் போய் நான் கோஹோர்ட்டுகளோட ஒரே கட்டத்தில வைச்சிருந்தன்.

நடக்கிறதைப் பாக்கிற ஆய்வுகளை எப்பிடி எழுதவேணும் எண்டு சொல்லுற, 2007இல வந்த ஸ்ரோப் வழிகாட்டியில 22 விசயம் இருக்கு, முதலாவதே டிசைனை ரைட்டிலிலயோ சுருக்கத்திலயோ வழக்கமான சொல்லில சொல்லு எண்டுறதுதான். போன கிழமை என்ர புரொப்போசலைச் சேரிட்டக் குடுக்க முதல் தலைப்பில குறுக்குவெட்டு ஆய்வு எண்டு சேர்த்துட்டன்.