உதவி கேட்கிற ரோபோ

ஜப்பானில், ஐச்சி மாகாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். "அங்கே எல்லாத்தையும் ரோபோவே பாத்துக்குமாமே, உனக்கு என்னடா வேலை?" என்று சித்தி போனில் கேட்பார். தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நாங்கள்தான் சித்தி.

எங்களிடம் இரண்டு ரோபோ உண்டு. ஒன்று பேசும், கையைத் தூக்கிக் காட்டி உடற்பயிற்சி செய்யச் சொல்லும். வந்த புதிதில் அதைச் சுற்றி ஒரே கூட்டம். ஆனால் ஒருவர் யோசித்துப் பதில் சொல்வதற்குள் அது அடுத்த கேள்விக்குப் போய்விடும். கொஞ்ச நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காலையிலிருந்து "கையை நீட்டுங்க, வாயைத் திறங்க" என்று நாங்கள் சொல்வதையே கேட்டுக்கொண்டிருப்பவர்கள். ஏவுவதற்கு இன்னும் ஒரு ஆள் எதற்கு?

மற்றது பாரோ. வெள்ளை ரோமம் போர்த்திய, சீல் என்ற கடல்விலங்கின் குட்டி மாதிரி ரோபோ, 2.7 கிலோ. தகனோரி ஷிபாதா என்ற ஜப்பானியப் பொறியாளர் 1993இல் தொடங்கிய ஆராய்ச்சியில் உருவாகி, 2005இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நாய், பூனை என்றால் நிஜத்தோடு ஒப்பிட்டுக் குறை கண்டுபிடிப்பார்கள் என்றுதான், யாரும் வீட்டில் வளர்த்திராத சீல் குட்டியை அவர் தேர்ந்தெடுத்தார். தடவினால் கண் சிமிட்டி முனகும். அது எதைச் செய்தபோது தடவினோமோ அதையே மறுபடி செய்யும். அடித்தால், அப்போது செய்ததைத் தவிர்க்கும். சார்ஜர்கூட குழந்தை வாயில் வைக்கிற சூப்பான் மாதிரிதான். யாரையும் ஏவ அதற்குத் தெரியாது.

எங்களிடம் அதிகம் பேசாத ஒரு பாட்டி, அதை மடியில் வாங்கியதும் துண்டைப் போர்த்தி, "குளிருதா?" என்று கேட்டார். நாள் முழுக்க அடுத்தவர் கையை எதிர்பார்த்திருக்கும் அவருக்கு, தன் கையை எதிர்பார்க்க ஒன்று கிடைத்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எல்லோருக்கும் அப்படி இல்லை. தச்சு வேலை பார்த்த ஒரு தாத்தா பாரோவைத் தொடவே மாட்டார், பொம்மை என்பார். அவர் மடியில் அதைத் திணிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இதே மாகாணத்தில் டொயோஹாஷி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மிச்சியோ ஒகாதா குழுவினர் ஒரு குப்பைத்தொட்டி ரோபோ செய்திருக்கிறார்கள். குப்பையைத் தேடிப் போகும், ஆனால் அதை எடுக்கக் கை கிடையாது. பக்கத்தில் போய்த் தள்ளாடி நிற்கும். யாராவது எடுத்துப் போட்டால் குனிந்து வணங்கும். பிள்ளைகள் தாமாகவே ஓடிவந்து பொறுக்கிப் போடுகிறார்களாம். 'பலவீன ரோபோ' என்றே ஒகாதா இவற்றைச் சொல்கிறார்.

அப்படி ஒன்று எங்கள் இல்லத்துக்கு வந்தால், முதலில் அந்தத் தச்சர் தாத்தா முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவேன். கை இல்லாததைப் பார்த்தால் அவர் சும்மா இருக்கமாட்டார்.