ஒரே மத்தியானத்தில் நடந்து பார்த்த உலகக் கோப்பை

அர்ஜென்டினாவின் பியூனோஸ் அய்ரஸிலிருந்து உருகுவேயின் தலைநகர் மொண்டெவிடியோவுக்கு ஃபெர்ரியில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். ரியோ தெ லா பிளாத்தாவை ஆறு என்கிறார்கள். ஆனால் புறப்பட்ட சற்று நேரத்தில் இரு கரையும் மறைந்து, பால் கலந்த தேநீர் நிறத்தில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. ஜூலை அங்கே குளிர்காலம். பாதி வழியில் மூடுபனி இறங்கி ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. எனக்கு 1930 ஜூலை 30 நினைவுக்கு வந்தது. முதல் கால்பந்து உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க அன்று அர்ஜென்டினா ரசிகர்கள் இதே தண்ணீரில்தான் படகேறி வந்தார்கள். மூடுபனியில் மாட்டிக்கொண்ட சில கப்பல்கள் ஆட்டம் முடிந்த பிறகுதான் கரை சேர்ந்தன.

உருகுவேக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்குக் கத்தாரால் வந்தது. 2022 உலகக் கோப்பை கத்தாரில் என்று அறிவித்தபோது, ‘இத்தனூண்டு நாட்டில் எப்படி நடத்துவார்கள்?’ என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். முதல் உலகக் கோப்பையை நடத்தியதே அன்றைக்கு 20 லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாடு என்பது அப்புறம்தான் உறைத்தது. 13 அணிகள், 18 ஆட்டங்கள், மூன்று மைதானங்கள். மூன்றும் மொண்டெவிடியோ என்ற ஒரே ஊரில். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம் போலிருந்தது. சரி, நடந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

கடற்கரைச் சாலையை ஒட்டிய பொசிட்டோஸ் பகுதியில் தொடங்கினேன். அங்கே பெனரோல் கிளப்பின் மைதானம் இருந்தது. ஊர் வளர்ந்தபோது அதை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். மைதானம் எங்கே இருந்தது, கோல் கம்பங்கள் எங்கே நின்றன என்பதைப் பின்னாளில் பழைய படங்களை வைத்து ஆராய்ந்து கண்டுபிடித்து, தெருவோரத்தில் சின்னதாக ஒரு நினைவுச் சிற்பம் வைத்திருக்கிறார்கள். உலகக் கோப்பை வரலாற்றின் முதல் கோல் அடிக்கப்பட்டது அங்கேதான். 1930 ஜூலை 13, மெக்சிகோவுக்கு எதிராக 19ஆவது நிமிடத்தில் பிரான்சின் லூசியன் லோரான் அடித்தார். பெஜோ கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த மனிதர். 1998-ல் பிரான்ஸ் முதல்முறை கோப்பை வென்றபோது, அந்த 1930 பிரெஞ்சு அணியில் அவர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். நான் நின்ற நேரத்தில் ஒரு பெண்மணி காய்கறிப் பையோடு அந்த இடத்தைக் கடந்து போனார். ஜன்னல்களில் துணி காய்ந்தது. பெரிய வளைவு, கொடிமரம் எதுவும் இல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கிருந்து வடக்கே நடந்தால் பட்ஜே பூங்கா, அதன் நடுவே சென்டெனாரியோ அரங்கம். மரங்களுக்கு மேலே முதலில் தெரிவது 100 மீட்டர் உயர கோபுரம். கிட்டே போனால் நிறம் மங்கிய கான்கிரீட். இந்த அரங்கத்தின் முன்னால் நிற்கும்போது, ஒரு சிறிய நாடு எவ்வளவு துணிச்சலாக இருந்திருக்கிறது என்று நெஞ்சு நிறைந்துபோனது.

1929-ல் பார்சிலோனாவில் கூடிய, உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் மாநாடு உருகுவேயைத் தேர்ந்தெடுத்தது. 1924, 1928 என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் கால்பந்துத் தங்கம் வென்ற நாடு அது. மாட்டிறைச்சியும் கம்பளியும் ஏற்றுமதி செய்து செழிப்பாக இருந்த காலம். வருகிற அணிகளின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் நாங்களே ஏற்கிறோம், புதிதாக ஓர் அரங்கமும் கட்டுகிறோம் என்றார்கள். அப்படியும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை நான்கே அணிகள். கப்பலில் போவதற்கே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், அத்தனை நாள் ஆட்டக்காரர்களை அனுப்ப முடியாது என்று மற்ற நாடுகள் ஒதுங்கிவிட்டன. ருமேனியா, பிரான்ஸ், பெல்ஜியம் மூன்றும் கோன்டே வெர்டே என்ற ஒரே கப்பலில் வந்தன. ஃபிஃபா தலைவர் ஜூல் ரிமே கோப்பையோடு அதே கப்பலில் இருந்தார். யூகோஸ்லாவியா தனியாக வேறொரு கப்பலில் வந்தது.

கட்டிடக் கலைஞர் ஹுவான் ஸ்காசோ வரைந்த அரங்கத்தை ஒரு வருடத்துக்குள் எழுப்பினார்கள். இரவும் பகலும் ஷிப்டு போட்டு வேலை நடந்தும், மழையால் தொடக்க நாளுக்குள் முடியவில்லை. அதனால்தான் முதல் ஆட்டங்கள் பொசிட்டோஸுக்கும், நாசியோனால் கிளப்பின் மைதானமான பார்க்கே சென்ட்ரலுக்கும் போயின. முதல் அரசியலமைப்பின் நூற்றாண்டு நாளான ஜூலை 18 அன்று சென்டெனாரியோ திறந்தது. அன்று பெருவுக்கு எதிராக அங்கே முதல் கோலை அடித்தவர் எக்டர் காஸ்ட்ரோ. சிறுவயதில் மின்சார ரம்பத்தில் மாட்டி ஒரு கையின் முன்பகுதியை இழந்தவர். 12 நாள் கழித்து அர்ஜென்டினாவை 4-2 என்று வென்ற இறுதி ஆட்டத்தின் கடைசி கோலும் அவருடையதுதான்.

ஒலிம்பிகா கேலரிக்குக் கீழே கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மேலே ஏறிக் காலியான அரங்கத்தில் உட்கார்ந்தேன். கோல் கம்பங்களுக்குப் பின்னால் உள்ள இரண்டு கேலரிகளின் பெயர்கள் கொலோம்ப், ஆம்ஸ்டர்டாம். ஒலிம்பிக் தங்கம் வென்ற ஊர்களையே பெயராக வைத்துவிட்டார்கள். வாசலில் இருந்த பெரியவர், இடது கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க்கை இடுக்கியபடி மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நடமாடுகிறார்கள். என் அரைகுறை ஸ்பானிஷில் 2030 உலகக் கோப்பை பற்றிக் கேட்டேன். அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, ‘ஒன்றே ஒன்று’ என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த ஒன்றுக்கு எப்படியாவது வருவேன், என் பேத்தியையும் கூட்டி வருவேன் என்றார்.

அவர் சொன்னது ஆட்டங்களின் எண்ணிக்கையை. 2030 உலகக் கோப்பை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோவில் நடக்கிறது. நூற்றாண்டைக் கொண்டாட உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே மூன்றுக்கும் ஆளுக்கொரு ஆட்டம். மொத்தம் 48 அணிகள், 104 ஆட்டங்கள். உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே, சிலி நான்கும் சேர்ந்து முழுப் போட்டியையும் நடத்தத்தான் முயன்றன. அது நடக்கவில்லை. இப்போதைய விதிப்படி குறைந்தது 14 அரங்கங்கள் வேண்டும், இறுதி ஆட்டத்துக்கு 80,000 இருக்கைகள் வேண்டும். சென்டெனாரியோவில் உட்காரக்கூடியவர்கள் சுமார் 60,000 பேர். உருகுவேயின் மக்கள்தொகை இன்றும் சுமார் 35 லட்சம்தான்.

நாடு சிறியதாக இருப்பது ஒரு குறையே இல்லை என்பது, நடக்க நடக்க எனக்கு உறுதியாகிவிட்டது. சொல்லப்போனால் ரசிகனுக்கு அது வரம். கத்தாரிலேயே அதைப் பார்த்தோம். எட்டு அரங்கங்களும் தோஹாவிலும் அதைச் சுற்றியும்தான் இருந்தன. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு மெட்ரோவில் அறைக்குத் திரும்ப முடிந்தது. ஆனால் அந்த ஏற்பாடு, ஒரு சின்ன நாட்டின் மேல் பெரிய போட்டியை ஏற்றிவைத்ததால் வந்தது. அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நேபாளம், வங்கதேசம், இந்தியா என்று பல ஊர்களிலிருந்து போனவர்கள், நம் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும்தான். உலகக் கோப்பை தொடர்பான வேலைகளில் இறந்தவர்கள் 400-க்கும் 500-க்கும் இடையில் இருக்கலாம் என்று ஏற்பாட்டுக் குழுவின் பொதுச் செயலாளர் ஹசன் அல்-தவாதியே 2022-ல் ஒரு பேட்டியில் சொன்னார். நாடு சிறிதா பெரிதா என்று கேட்ட நேரத்தில், யார் கையால் கட்டப் போகிறார்கள் என்று நாம் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

உருகுவே இப்போதும் போட்டி நடத்தத் தெரிந்த நாடுதான். 1995-ல் 12 அணிகளோடு, தென் அமெரிக்காவின் கால்பந்துக் கோப்பையான கோப்பா அமெரிக்கா அங்கே நடந்தது. சென்டெனாரியோவில் நடந்த இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் பிரேசிலை வென்று கோப்பையையும் எடுத்துக்கொண்டார்கள். பெனரோல் 2016-ல் திறந்த புது அரங்கத்தில் 40,000 பேர் உட்காரலாம். நாசியோனால் கிளப்பின் பார்க்கே சென்ட்ரலும் இருக்கிறது. இந்த மூன்றையும் வைத்து, உருகுவே ஆடும் பிரிவின் ஆறு ஆட்டங்களையுமாவது மொண்டெவிடியோவுக்கே கொடுத்திருக்கலாம். நான்கு அணிகளும் இரண்டு வாரம் ஒரே ஊரில் தங்கியிருக்கும். இப்போதைய ஏற்பாட்டில், இங்கே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு அணிகள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறக்க வேண்டும். கப்பல் பயணம் நீளம் என்று 1930-ல் ஐரோப்பிய நாடுகள் மறுத்த தூரம் அது.

நாலரை மணிக்குப் பூங்காவிலிருந்து கிளம்பி பார்க்கே சென்ட்ரலுக்கு நடந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் நாளன்று பொசிட்டோஸில் பிரான்ஸ் ஆடிய அதே நேரத்தில், இங்கே பெல்ஜியத்தை அமெரிக்கா 3-0 என்று வென்றது. மூன்றில் இது மட்டும் சுற்றிலும் வீடுகள் நெருக்க, ஒரு தெருவின் முடிவில் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி நிற்கிறது. அடுமனையில் மெதியாலூனா என்ற பிறை வடிவ ரொட்டி ஒன்றை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு வாசல் எதிரில் நின்றேன். நாசியோனால் சட்டை போட்ட ஐந்தாறு பையன்கள் நடைபாதையில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பேருந்து வந்ததும் பந்தைக் காலுக்கடியில் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள், போனதும் திரும்ப ஆரம்பித்தார்கள்.