அடிவயிற்று இறகு

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இறகு என்றால் “பறப்பதற்கான இசைவாக்கம்” என்று ஒரே வரியில் பல வருடம் முடித்திருக்கிறேன். பிள்ளைகளும் அதை எழுதிப் புள்ளி வாங்கினார்கள். தரம் 10 மாணவி ஒருத்திதான் எழும்பிக் கேட்டாள்: “எங்க வீட்டுக் கோழி கூரைக்குக்கூட ஒழுங்கா பறக்காதே சேர். அப்புறம் என்னத்துக்கு ஒடம்பு பூரா எறகு?”

அந்தக் கேள்வியை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் அவளையே இறகுகள் கொண்டுவரச் சொன்னேன். சிறகிலிருந்து உதிர்ந்த நீள இறகு ஒன்று, அடிவயிற்றுப் பஞ்சு இறகு கொஞ்சம். நீள இறகின் தண்டு நடுவில் இல்லை. ஒரு பக்கம் ஒடுக்கம், மறுபக்கம் அகலம். அதை விரலால் கிழித்துவிட்டு மெதுவாக நீவினால் கிழிசல் மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் அப்படி. வகுப்பே மாறி மாறிக் கிழித்து நீவியது. பஞ்சு இறகில் இந்தக் கொக்கிகள் இல்லை. அதை உள்ளங்கையில் வைத்துப் பொத்தச் சொன்னேன். வெளியே பனி மூடிய மார்கழிக் காலை. “கத கதன்னு இருக்கு சேர்” என்றான் முதல் வாங்கில் இருந்தவன்.

அங்கிருந்துதான் பாடத்தைத் தொடங்கினேன். 1996இல் சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்த சைனோசரோப்டெரிக்ஸ் பறவை அல்ல, சிறிய டைனோசர். கைகள் குட்டை, பறக்கவே முடியாது. ஆனாலும் உடம்பில் பஞ்சு போன்ற இழைகள் இருந்தன. குளிர் தாங்கத்தான் அவை முதலில் உதவியிருக்க வேண்டும் என்பதே பலரின் கருத்து. பறப்பு பிறகு வந்தது. 1861இல் ஜெர்மனியில் வெளிப்பட்ட ஆதிப்பறவை ஆர்க்கியோப்டெரிக்ஸ் சுமார் 15 கோடி வருடப் பழசு. அதன் வாயில் பல், நீண்ட எலும்பு வால். சிறகிலோ, பிள்ளைகளின் கையிலிருந்த இறகைப் போலவே ஒரு பக்கம் ஒடுங்கிய இறகுகள்.

“பறவையோட மூதாதைங்க பறக்கத் தெரியாதப்போ றெக்கைய வச்சு என்ன செஞ்சிருக்கும்?” என்று திரும்பக் கேட்டேன். அதே பிள்ளை சொன்னாள்: “எங்க குஞ்சுங்க மேட்டுல ஏறும்போது றெக்கைய அடிச்சுக்கிட்டே ஓடும் சேர்.”

கௌதாரி இனக் குஞ்சுகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர் கென் டயல் 2003இல் வெளியிட்டது இதைத்தான். சிறகை அடிப்பது கால்களைச் சரிவோடு அழுத்திப் பிடிக்க உதவுகிறது, அதனால் செங்குத்திலும் வழுக்காமல் ஏறுகின்றன. பறப்பு இப்படித் தொடங்கியிருக்கலாம் என்றார் அவர். நான் வாசித்துத் தெரிந்துகொண்டதை அவள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, வாசலில் பார்த்தே தெரிந்துவைத்திருந்தாள்.

அன்று பின்னேரம் அவர்கள் லயத்துப் பக்கம் போனேன். தேயிலைக்கு நடுவே வெட்டிய மண்மேட்டில் தாய்க்கோழி ஏறிவிட்டது. பின்னால் ஏழு குஞ்சுகள். அரைகுறையாய் முளைத்த சிறகுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு, மண் சரியச் சரிய ஏறின. கடைசிக் குஞ்சு மட்டும் இரண்டு தடவை சறுக்கியது. அது மேலே போய்ச் சேரும்வரை நின்றேன்.