விரலில் சுற்றிய துணி

காலையில் பாம்பன் கரையில் கடலில் முங்கிப் பாசி எடுத்துவிட்டு ஏறி வந்தார் ஒரு அக்கா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரல்களில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகக் கிழித்துக் கட்டிய பழைய சேலைத் துண்டு. உள்ளே விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, பாறை கீறிய தழும்புகளோடு.

"நீச்சல் யாருக்கா சொல்லிக் கொடுத்தது?"

"ஆத்தாகூட வருவேன் தம்பி, அப்படியே வந்துருச்சு."

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக் நீச்சல் போட்டிக்கும் குளம் கிடையாது, கடல்தான். படகில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள், கரைக்கு நீந்தி வரவேண்டும். ஹங்கேரியின் ஆல்ஃபிரெட் ஹாயோஷ் 100 மீட்டரில் ஜெயித்தார், குளிர் தாங்க உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு 1200 மீட்டரிலும் ஜெயித்தார்.

பெண்களை நீச்சலில் சேர்த்துக்கொள்ள 1912 ஸ்டாக்ஹோம் வரை ஆனது. முதல் தங்கம் ஆஸ்திரேலியாவின் ஃபேனி டுராக்குக்கு. அவரை அனுப்பவே ஊரில் தயங்கினார்கள். ஆண்கள் பார்ப்பார்களாம்!

எனக்கு அந்தப் பதினாறு வருடம்தான் உறுத்துகிறது. பெண்கள் அதற்கு எவ்வளவோ முன்பே கடலில் முங்கி எழுந்தவர்கள்.

அக்கா துணிகளைப் பிழிந்து, படகுக் கயிற்றில் ஒவ்வொன்றாகக் காயப்போட்டார்.

"நாளைக்கும் வேணும்ல."