ஷிப்மெண்டுக்கு நடுவே ஐஇஎல்டிஎஸ்

2025 மார்ச் 9, ஞாயிறு, திருப்பூர்

ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஏப்ரல் 26, கோவை, அகடமிக் பிரிவு, கணினி வழி. ஜெர்மனியில் நான் பார்த்து வைத்திருக்கும் டெக்ஸ்டைல் மாஸ்டர்ஸுக்கு மொத்தத்தில் 6.5 கேட்கிறார்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கின் சராசரிதான் மொத்த பேண்ட், அதாவது மதிப்பெண். 7, 6.5, 5.5, 6 என்று வந்தால் சராசரி 6.25, அதை 6.5 ஆக்கித் தந்துவிடுவார்கள். பனியன் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் புத்தி, முதல் வேலையாக இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தேன்.

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இப்போது நாள் முழுக்க பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, ஆங்கிலத்தில்தான் மெயில் போடுகிறேன், ஆனால் அந்த ஆங்கிலம் வேறு ரகம். 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்', 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' இரண்டையும் வைத்துக்கொண்டே ஒரு கன்டெய்னரை ஹாம்பர்க் வரை அனுப்பிவிடலாம். 250 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னால் அவை இரண்டும் உதவாது.

மார்ச் 12, புதன்

கோச்சிங் வகுப்பில் கட்டுரைக்கு டெம்ப்ளேட் கொடுத்தார்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்துகிற முதல் பத்தி, எதற்கும் பொருந்துகிற கடைசிப் பத்தி. கூடவே பெரிய பெரிய வார்த்தைகளாக ஒரு பட்டியல். எனக்கு இதில் நம்பிக்கையில்லை. மனப்பாடம் செய்து எழுதியதைத் தேர்வாளர்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்காது.

எழுத்துக்கு மதிப்பெண் போடும் விதத்தைப் படித்துப் பார்த்தேன். கேள்விக்குப் பதில் சொன்னாயா, கோவையாகச் சொன்னாயா, சொல்வளம், இலக்கணம். ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு. எல்லாரும் சொல்வளத்தின் பின்னால் ஓடுகிறார்கள். 'ஷீ கோ' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் 'ஏராளம்' என்பதற்கு 'ப்ளெதோரா' போட்டு என்ன புண்ணியம்? நான் 'ஏ', 'தி' என்கிற ஆர்ட்டிகிள், வினைச்சொல்லுக்குப் பின்னால் வரும் 'எஸ்', காலம், இந்த மூன்றை மட்டும் முதலில் பிடிக்கப் போகிறேன்.

மார்ச் 20, வியாழன்

எழுத்தின் முதல் பகுதியில் சில சமயம் ஒரு பொருள் எப்படித் தயாராகிறது என்று படம் போட்டுக் கொடுப்பார்கள். 20 நிமிடம், குறைந்தது 150 வார்த்தை. சிமெண்ட் தயாரிப்புப் படத்தோடு இரண்டு சாயங்காலம் மல்லுக்கட்டினேன், சரியாக வரவில்லை. இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டு, எனக்குத் தூக்கத்திலும் தெரிந்த பனியன் தயாரிப்பை எழுதினேன்.

'யார்ன் இஸ் நிட்டட் இன்டூ ஃபேப்ரிக். தி ஃபேப்ரிக் இஸ் தென் டைட்.' நூல் துணியாகப் பின்னப்படுகிறது, பிறகு அந்தத் துணிக்குச் சாயம் ஏற்றப்படுகிறது. இந்த இரண்டு வரியிலேயே பாதி இலக்கணம் இருக்கிறது. யார் நிட்டிங் போட்டார் என்பது யாருக்கும் தேவையில்லை, அதனால் பேசிவ், நம் செயப்பாட்டு வினை. தினமும் நடக்கிற வேலை, அதனால் நிகழ்காலம். ஃபேப்ரிக் எண்ண முடியாத பொருள் என்பதால் முதல் முறை 'ஏ' கிடையாது. இரண்டாம் முறை வரும்போது எந்த ஃபேப்ரிக் என்று வாசிப்பவருக்குத் தெரியும், அதனால் 'தி'. டையிங், காம்பாக்டிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எழுதிக்கொண்டே போனேன். பேனா நிற்கவில்லை. தெரியாத விஷயத்தைத் தெரியாத மொழியில் எழுதப் பழகுவதால்தான் இத்தனை நாள் திணறியிருக்கிறேன் போல.

செக்கிங் மாஸ்டர் அண்ணா எட்டிப் பார்த்தார். "என்ன கண்ணு, ஜெர்மனிக்குப் போயும் பனியன்தானா?" என்றார். ஆமாங்கண்ணா என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

எழுத்துக்குத் துணையாக இருந்த தொழில் வாசிப்பில் காலை வாரிவிட்டது. பயிற்சிப் புத்தகத்தில் பருத்தியைப் பற்றி ஒரு கட்டுரை. சரி, தவறு, சொல்லப்படவில்லை என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பருத்திக்கு நிறையத் தண்ணீர் தேவை' என்ற வாக்கியத்தைப் பார்த்ததும் கை தானாக 'சரி'க்குப் போனது. கட்டுரையில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது! நமக்குத் தெரிந்தது அங்கே செல்லாது, தாளில் இருப்பது மட்டும்தான் செல்லும். கட்டுரை எதிர்மாறாகச் சொன்னால்தான் 'தவறு'. வாயே திறக்கவில்லை என்றால் 'சொல்லப்படவில்லை'.

60 நிமிடத்தில் மூன்று கட்டுரை, 40 கேள்வி. சுமார் 30 சரியாக இருந்தால் பேண்ட் 7 வரும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கேட்டலில் ஒரே ஒரு முறைதான் ஒலிபரப்புவார்கள். பேசுபவர் செவ்வாய் என்பார், நாம் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் "இல்லை இல்லை, வியாழன்" என்று மாற்றுவார். போதாததற்கு தர்ட்டீனும் தர்ட்டியும் பாடாய்ப் படுத்துகின்றன. அழுத்தம் பின்னால் விழுந்தால் பதின்மூன்று, முன்னால் விழுந்தால் முப்பது என்று காதைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். விடையில் எழுத்துப் பிழை இருந்தாலும் போச்சு.

'ஹேவ் சீன்' (பார்த்திருக்கிறேன்), 'சா' (பார்த்தேன்) குழப்பம் ஒருவழியாகத் தீர்ந்தது. 'ஊட்டிக்குப் போயிருக்கிறேன்' என்றால் எப்போது என்ற பேச்சே இல்லை. 'போன வருஷம் ஊட்டிக்குப் போனேன்' என்றால் நாள் குறித்தாயிற்று. ஆங்கிலத்திலும் பெரும்பாலும் இதே கதைதான். முடிந்துபோன நாளைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' கூடாது. இதை ஏன் எந்த வகுப்பிலும் இப்படிச் சொல்வதில்லை?

ஏப்ரல் 26, சனி, இரவு

முடிந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டி, விரல் ரேகை வைத்து உள்ளே போனால் கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் இடைவெளியில்லாமல் ஓடுகின்றன. திரையின் கீழே வார்த்தை எண்ணிக்கை தெரிவது பெரிய நிம்மதி. எழுத்தில் முதல் பகுதியைவிடக் கட்டுரைக்கே இரண்டு மடங்கு மதிப்பு என்பதால் அதற்கு 40 நிமிடத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

பேச்சுத் தேர்வு மதியம், எதிரே ஒரு பெண்மணி. இரண்டாம் பகுதிக்கு, தண்ணீருக்கு அருகே உள்ள ஓர் இடத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அட்டை கொடுத்தார். யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம் வரை. கன்னியாகுமரி என்று ஆரம்பித்திருந்தால் நாலு வரியில் முடிந்திருக்கும். நொய்யலைச் சொன்னேன். தாத்தா குளித்த ஆறு, பிறகு சாயத் தண்ணீர் ஓடிய ஆறு, 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு, அப்போது வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா. முன்பு வழக்கமாக இருந்ததைச் சொல்கிற 'யூஸ்ட் டு' எத்தனை தடவை வந்தது என்று தெரியவில்லை, எல்லாம் சரியான இடத்தில்தான் வந்தது. அப்பா மறுபடி வேலைக்குப் போனதைச் சொல்வதற்குள் நிறுத்திவிட்டார். நேரம் ஆனதும் நிறுத்துவது வழக்கம்தான், அதனால் மதிப்பெண் குறையாது.

மூன்றாம் பகுதியில், "தொழிலா, ஆறா, ஓர் அரசு எதைக் காப்பாற்ற வேண்டும்?" என்று கேட்டார். கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால் இரண்டையும் காப்பாற்றலாம், ஆனால் அந்தச் செலவை டி-ஷர்ட் வாங்குகிற பையர் விலையில் ஏற்கத் தயாராக இல்லை என்றேன். "ஏன் தயாராக இல்லை?" என்று விடாமல் கேட்டார். அது தினமும் மெயிலில் நான் போடுகிற சண்டை. முதல் முறையாக அதைக் 'கைண்ட்லி' சேர்க்காமல் சொன்னேன்.