குட்டைக் கோதுமையும் காலி நாற்காலிகளும்

நாட்டில் எந்தச் சிக்கல் முற்றினாலும் ‘பல துறை நிபுணர்கள் அடங்கிய உயர்மட்டக் குழு’ என்றொரு அறிவிப்பு வந்துவிடுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1960களின் பசுமைப் புரட்சிக் கோதுமைக் கதைதான் நினைவுக்கு வரும். நிபுணர்களை ஒன்றுசேர்த்தால் என்ன நடக்கும், சிலரைச் சேர்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டுக்கும் ஒரே கதையில் சான்று கிடைப்பது அரிது.

1964இல் சாஸ்திரியின் அமைச்சரவையில் சி. சுப்பிரமணியம் உணவு, வேளாண்மைத் துறைக்குப் பொறுப்பேற்றபோது, நாடு அமெரிக்காவின் பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் வரும் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்திருந்தது. உணவுக்குப் பஞ்சம் இருந்ததே தவிர அறிவுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. மெக்சிகோவில் குட்டை ரகக் கோதுமையை உருவாக்கிய அமெரிக்க விஞ்ஞானி நார்மன் போர்லாக் 1963இலேயே வந்து நம் வயல்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். மெக்சிகோவின் குட்டை ரக விதைகள் டெல்லியின் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் குழுவினரின் கையில் இருந்தன. ஆனால் விதை தெரிந்தவர் ஓரிடத்தில் இருந்தார், விலை தெரிந்தவர் இன்னோரிடத்தில் இருந்தார், உரம் வாங்க அந்நியச் செலாவணி ஒதுக்குபவர் வேறெங்கோ இருந்தார். வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமையில்கூட அதுவரை விஞ்ஞானி ஒருவர் அமர்ந்ததில்லை.

1965இல் பயிர்ப் பெருக்க விஞ்ஞானி பி.பி. பால் அந்தக் கவுன்சிலின் தலைமை இயக்குநரானார். பருத்திக்கு ஒன்று, சணலுக்கு ஒன்று எனத் தனித்தனியே இயங்கிய மத்தியப் பயிர்க் குழுக்கள் கலைக்கப்பட்டு, ஆராய்ச்சி நிலையங்கள் ஒரே குடையின்கீழ் வந்தன. துறைச் செயலாளராக வந்த பி. சிவராமன் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். பொருளியல் அறிஞர் எம்.எல். தந்த்வாலா தலைமையில் வேளாண் விலைக் குழு அமைந்தது. அதே ஆண்டு ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் பிறந்தது; அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டது நம் தஞ்சாவூரில்.

இத்தனை பேர் எதற்கு என்று கேட்டால், அந்தப் பயிரே விடை சொல்லும். நம் நெட்டை ரகக் கோதுமைக்கு உரத்தைக் கூட்டினால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். குட்டை ரகம் நிமிர்ந்து நிற்கும். அதுவரை பயிர்ப் பெருக்க விஞ்ஞானியின் வேலை. ஆனால் ஈரத்தைத் தேடி ஆழமாக விதைப்பது வடநாட்டு விவசாயியின் வழக்கம். அதே ஆழத்தில் குட்டை ரகத்தை விதைத்தால் முளை மேலே வரத் திணறும். இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்றும், தண்டின் அடிக்கணுவில் புது வேர் விடும் 21ஆம் நாள் வாக்கில் முதல் தண்ணீர் தவறாமல் பாய வேண்டும் என்றும் வகுத்துக் கொடுக்க உழவியல் வல்லுநர் தேவைப்பட்டார். துரு நோயைக் கண்காணிக்க நோயியல் வல்லுநர் வேண்டும். இவ்வளவும் கூடிவந்தாலும் அறுவடை நேரத்தில் விலை சரிந்தால் அடுத்த ஆண்டு எந்த விவசாயியும் அந்த விதையைத் தொடமாட்டார். அங்கேதான் விலையைப் பரிந்துரைக்கும் தந்த்வாலா குழுவுக்கும் தானியத்தைக் கொள்முதல் செய்யும் உணவுக் கழகத்துக்கும் வேலை. மெக்சிகோ கோதுமையின் சிவந்த மணி நம் சப்பாத்திக்கு ஒவ்வாததால், கதிர்வீச்சின் உதவியோடு பொன்னிற மணி தரும் சர்பதி சொனோராவைப் பூசா நிலையம் உருவாக்கியது.

1966இல் 18,000 டன் விதையை மெக்சிகோவிலிருந்து இறக்குமதி செய்ய முடிவானபோது எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சுப்பிரமணியம் தம் டெல்லி வீட்டுப் புல்வெளியை உழுது அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார். 1964-65இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68இல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. பஞ்சாபில் தானியத்தைச் சேமிக்க இடமின்றிப் பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டார்கள். அந்த விளைச்சல் வீடு வந்து சேர்வதற்குள், 1967 தேர்தலில் சுப்பிரமணியம் தோற்றுப் போயிருந்தார். அரசியலில் நன்றிக்கு ஆதரவு விலை கிடையாது.

என்னை உறுத்துவது இதற்குப் பிந்திய பகுதிதான். 1968 ஜனவரியில், வெற்றி முழுதாகத் தெரியும் முன்பே, வாரணாசியில் நடந்த அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதன் எச்சரித்தார். மண் வளத்தைக் காக்காத தீவிர சாகுபடி, கணக்கில்லாத நிலத்தடி நீர் உறிஞ்சல், கண்மூடித்தனமான பூச்சிமருந்து, பல நாட்டு ரகங்களின் இடத்தில் ஓரிரு ரகங்களை மட்டும் நிறைத்தல் ஆகியவற்றை அவர் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். தெரியாமல் நடந்தது என்று எவரும் தப்பிக்க முடியாது. விதைக்கும் விலைக்கும் உரத்துக்கும் அதிகாரத்தோடு பேச ஆள் இருந்தார்கள்; நீருக்கும் மண்ணுக்கும் அப்படி ஒருவரும் இல்லை. அரிசியை அன்றாட உணவாகக் கொள்ளாத பஞ்சாபில் கொள்முதல் உறுதியை நம்பி நெல் பரவியது. 1997இல் பாசனத்துக்கு மின்சாரம் இலவசமானதும் மோட்டார்கள் ஓய்வின்றி ஓடின. (தமிழ்நாடு 1990இலேயே அந்த வழிக்கு வந்துவிட்டதால் நாம் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.) கம்பும் சோளமும் கேழ்வரகும் அந்தக் கொள்முதல் கணக்கில் ஓரங்கட்டப்பட்டன, சத்துணவு வல்லுநர் ஒருவருக்கு அந்த மேசையில் இடம் இருந்திருந்தால் அவற்றுக்காகவும் ஒரு குரல் எழுந்திருக்கும்.

ஒருவழியாக 2009இல் பஞ்சாப் அரசு நிலத்தடி நீரைக் காக்கச் சட்டம் இயற்றி, ஜூன் 10ஆம் தேதிக்கு முன் நாற்று நடக்கூடாது என்றது. கோடை உச்சத்தில் நட்டு நீரை ஆவியாகவிடாமல் பருவமழையை ஒட்டி நடச் செய்வது நீரியல் நோக்கில் மிகச் சரியான முடிவு. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். கோதுமை விதைப்புக்கு இடையில் கிடைக்கும் நாட்கள் சுருங்கிவிட, அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற தாளடியைக் கொளுத்துவதே விவசாயிக்கு எளிய வழியாயிற்று. அதற்குள் அக்டோபர் கடைசி வந்துவிடுகிறது. காற்று மந்தமாகி, குளிர் இறங்கி, புகை மேலெழும்ப முடியாமல் தரையோடு தங்கும் பருவம் அது. டெல்லியின் நவம்பர் மூச்சுத்திணறலுக்கு இந்தத் தேதி மாற்றமும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் பின்னர் எழுதினார்கள். 2009இல் தண்ணீருக்காகப் பேச ஆள் இருந்தார். காற்றுக்காகப் பேச வேண்டியவரின் நாற்காலி காலியாக இருந்தது.