மழைமானி, மூன்றாவது வாரம்: மாக் கடிகாரம்

சுங்கை சிப்பூட்டில் அப்பாவுக்குக் கொஞ்சம் பால்மரம் (ரப்பர்) இருக்கிறது. பட்டை நனைந்திருந்தால், வெட்டியதும் பால் கோப்பைக்கு வராமல் மரத்திலேயே பரவி வழிந்துவிடும். இரவு எவ்வளவு பெய்தது என்று விடியுமுன் அவருக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்த மழைமானி. உள்ளே சின்னக் கிண்ணம் நிரம்பிச் சாயும்போது காந்தம் ரீட் சுவிட்சைக் (காந்தம் அருகே வந்தால் மூடும் சுவிட்ச்) கடக்கும். ஒரு சாய்வு 0.2794 மில்லிமீட்டர்.

சாய்வுகளை எண்ணும் போர்டு அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினி, நிரல் சி++. ராம் (தற்காலிக நினைவகம்) வெறும் 2 கிலோபைட். ஒரு கிளாஸுக்குப் பதில் இன்னொன்றை ஓடும்போதே மாற்றிக்கொள்ள உதவும் வர்ச்சுவல் டேபிள்களும் அதன் ஏவிஆர் சிப்பில் ராமில்தான் உட்காரும். அதனால் சுவிட்சையும் கடிகாரத்தையும் டெம்ப்ளேட் பாராமீட்டராகவே, அதாவது கம்பைல் ஆகும்போதே எது என்று முடிவாகும்படி, கொடுத்தேன். மழைக்குக் காத்திருக்காமல் லேப்டாப்பில் சோதிக்க கூகுள்மாக்: நிஜக் கடிகாரத்துக்குப் பதில் நாம் சொல்லும் நேரத்தைத் தரும் போலியை, அதாவது மாக்கை, செய்ய உதவும் கருவி. மாக் கிளாஸ் எதிலிருந்தும் இன்ஹெரிட் செய்ய வேண்டியதில்லை, அதே பெயரில் ஃபங்ஷன் இருந்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. சிக்கலும் இங்கேதான் வந்தது.

முதல் தடை சின்னது. மாக்கைக் காப்பி எடுக்க முடியாது, நான் கடிகாரத்தை வேல்யூவாக (நகலாக) வைத்திருந்தேன். ரெஃபரன்ஸாக (அது இருக்கும் இடத்தை மட்டும் சுட்டும்படி) மாற்றியதில் போர்டில் 2 பைட் செலவு.

அடுத்தது இரண்டு இரவை விழுங்கியது. போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து மில்லிசெகண்டை எண்ணும் மில்லிஸ் ஃபங்ஷனின் எண்ணிக்கை 49.7 நாளில் சுழியத்துக்குத் திரும்பிவிடும். அந்த நொடியில் சுவிட்ச் துள்ளினால் (ஒரே சாய்வில் மூடித் திறந்து மறுபடி மூடினால்) இரண்டு சாய்வாக எண்ணக்கூடாது. மாக்கை முதலில் 4294967290 என்றும், அடுத்து 10 என்றும் சொல்ல வைத்தேன். இடைவெளி 16 மில்லிசெகண்ட்தான், துள்ளல் என்று தள்ளியிருக்க வேண்டும். டெஸ்ட் தோற்றது, எண்ணிக்கை 2. கழித்தல் வரியை எத்தனை முறை பார்த்தாலும் சரியாகவே இருந்தது.

மில்லிஸ் அன்சைன்ட் லாங் என்ற முழு எண் வகையைத் தருகிறது என்று மாக்கிலும் மழைமானி கிளாஸிலும் அப்படியே எழுதியிருந்தேன். ஊனோவில் அது 32 பிட், என் லினக்ஸ் லேப்டாப்பில் 64 பிட்! 32 பிட்டில் எண் சுற்றி வந்து 16 தரும்; 64 பிட்டில் கழித்தால் 16 வராது, பிரம்மாண்டமான எண் வரும். போர்டில் சரியாக ஓடும் கோட் இங்கே தோற்றது அதனால்தான்.

நேரம் எல்லா இடத்திலும் 32 பிட் என்று நிலையான வகையாக்கினேன். கிளாஸுக்குள்ளேயே ஒரு ஸ்டேட்டிக் அசெர்ட் (கம்பைல் செய்யும்போதே நடக்கும் சோதனை) போட்டு, கடிகாரம் தருவது அதே வகையா என்று கேட்க வைத்தேன். இதையே வகைக்கு நிபந்தனை போடும் சி++20 கான்செப்ட்டில் எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அர்டுயினோவோடு வரும் ஜிசிசி 7 கம்பைலர் அதை அறியாது. வகைகளை ஒப்பிட உதவும் டைப் டிரெய்ட்ஸ் ஹெட்டரும் அங்கே இல்லை, வகை ஒப்பிடும் நாலு வரியை நானே எழுதிக்கொண்டேன். வேண்டுமென்றே மாக்கை 64 பிட்டாக்கிப் பார்த்தேன், கம்பைல் ஆகவே மறுத்தது. நிம்மதி.

நேற்றிரவு மழைமானியைக் கம்பத்தில் மாட்டினோம். காலையில் 31 சாய்வு, 8.66 மில்லிமீட்டர். அப்பா எண்ணைப் பார்த்து, "இன்னிக்கு வெட்டு இல்லப்பா," என்று பசியாறப் போனார்.